ராயக்கோட்டை மலை லண்டனுக்குப் போன கதை: 'அடுக்கு ஓவியம்' என்றால் என்ன? பயண நினைவு எப்படிப் படமாகிறது?

ஒகேனக்கல் போயிட்டு வர்றோம். பரிசல்ல உட்கார்ந்து பத்து செல்ஃபி, அருவி முன்னாடி இருபது போட்டோ, மீன் வறுவல் தட்டோடு ரெண்டு. வீட்டுக்கு வந்து ஒரு வாரத்தில் அந்த போட்டோக்களை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஆனால் தண்ணி இரைச்சலும் பரிசல் சுத்தினப்போ வயித்துல வந்த பயமும் மட்டும் மனசுல அப்படியே இருக்கு.

நினைவு ஒரே போட்டோ மாதிரி இருப்பதில்லை. அடுக்கு அடுக்காகத்தான் இருக்கிறது. பார்த்தது ஓர் அடுக்கு, பயந்தது ஓர் அடுக்கு, பிறகு மற்றவர்களிடம் சொல்லும்போது சேர்த்துக்கொண்டது இன்னோர் அடுக்கு. பயண நினைவுகளை வைத்துப் பல ஓவியர்கள் சேர்ந்து நடத்தும் கண்காட்சிகளில் 'அடுக்குப் படைப்பு' என்ற சொல் அடிக்கடி வருவது இதனால்தான்.

இது ஏதோ சென்னை, டெல்லி கேலரி சமாச்சாரம், தருமபுரிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கிறீர்களா? நிறையவே இருக்கிறது. 230 ஆண்டுகளுக்கு முன்பு இந்த மண்ணின் மலைக்கோட்டைகளைப் பார்த்துவிட்டுப் போனவர்கள், அந்த நினைவை அடுக்கடுக்காகப் படமாக்கி லண்டனில் விற்றார்கள். அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் அடுக்கு ஓவியம் என்றால் என்னவென்று சுலபமாகப் புரிந்துவிடும். விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், அடுக்கு ஓவியம் என்றால் என்ன?

ரொம்ப எளிமையாகச் சொன்னால், ஒரு படத்தின் மேல் இன்னொன்றை வைத்துக்கொண்டே போவது. அடியில் இருப்பது முழுசாக மறைந்துவிடாது. கொஞ்சம் தெரியும், கொஞ்சம் தெரியாது.

நீர்வண்ணத்தில் மெல்லிய பூச்சு காய்ந்ததும் அதன் மேல் இன்னொரு பூச்சு போடுவது ஒரு வகை. பஸ் டிக்கெட், வரைபடம், பழைய கடிதம், துணி ஆகியவற்றை ஒட்டி அதன் மேல் வரையும் கொலாஜ் இன்னொரு வகை. மரக்கட்டையிலோ செப்புத் தகட்டிலோ செதுக்கி, மையைத் தடவித் திரும்பத் திரும்ப அச்செடுப்பது மூன்றாவது வகை.

இது புதுசா வந்த ஃபேஷனும் இல்லை. மத்தியப் பிரதேசத்தின் பீம்பேட்காவில், வெவ்வேறு காலங்களில் வாழ்ந்த மக்கள் ஒரே பாறையில் ஒருவர் படத்தின் மேல் இன்னொருவர் வரைந்திருக்கிறார்கள். எது அடியில் இருக்கிறது, எது மேலே இருக்கிறது என்று பார்த்துத்தான் ஆய்வாளர்கள் எது பழையது, எது புதியது என்று பிரிக்கிறார்கள். அங்கே அடுக்குதான் காலக்கணக்கு.

நம்ம பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. 1966இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாகக் காரணமாக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், 1960களில் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற ஓவிய வரிசையைத் தொடங்கினார். எழுத்து, ஜாதகக் கட்டம், கணக்கு, உருவம் எல்லாம் அந்த ஓவியங்களில் ஒன்றோடு ஒன்று கலந்து கிடக்கும். பயண நினைவுக்கு ஜரீனா ஹாஷ்மியைச் சொல்லலாம். அலிகரில் பிறந்து பல நாடுகளில் வாழ்ந்த அவர், விட்டுவந்த வீடுகளையும் ஊர்களின் வரைபடங்களையும் மரக்கட்டை அச்சில் கறுப்புக் கோடுகளாகப் பதிந்தார்.

சரி, தருமபுரிக்கு வருவோம்.

பாராமகால் என்பது எந்த ஊர்?

இது ஓர் ஊரின் பெயர் இல்லை, ஒரு பகுதியின் பழைய பெயர். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் பக்கத்துப் பகுதிகளைச் சேர்த்து அந்தக் காலத்தில் 'பாராமகால்' என்றார்கள். பன்னிரண்டு கோட்டைகள் கொண்ட நாடு என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். அந்தப் பன்னிரண்டு எவை என்பதில் பட்டியலுக்குப் பட்டியல் வித்தியாசம் உண்டு.

1965இல் சேலம் மாவட்டத்திலிருந்து தருமபுரி பிரிந்தது. 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. ஆகவே இந்தக் கட்டுரையில் வரும் ராயக்கோட்டை இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்தாலும், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அது தருமபுரி மாவட்டத்து ஊராகத்தான் இருந்தது. பாலக்கோட்டிலிருந்து ஓசூர் போகும் வழியில் பஸ் ஜன்னலில் தெரியுமே ஒரு பெரிய பாறைக் குன்று, அதேதான்.

1790 முதல் 1792 வரை திப்பு சுல்தானுக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் மூன்றாம் மைசூர்ப் போர் நடந்தது. 1791 ஜூலையில் ராயக்கோட்டை கம்பெனிப் படையின் கைக்குப் போனது. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன்படி பாராமகாலும் சேலமும் திண்டுக்கல்லும் கம்பெனி வசம் ஆயின. இந்தத் தேதிகளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முக்கியமான முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

வந்தவர்கள் யார்?

தாமஸ் டேனியல் (1749–1840), வில்லியம் டேனியல் (1769–1837). ரெண்டு பேரும் இங்கிலாந்துக்காரர்கள். தாமஸ் சித்தப்பா முறை, வில்லியம் அண்ணன் மகன். 1785இல் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பும்போது வில்லியம் பதின்ம வயதுப் பையன். சீனா வழியாக 1786இல் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள்.

அங்கே கல்கத்தா நகரக் காட்சிகளைப் பன்னிரண்டு அச்சுப் படங்களாக வெளியிட்டார்கள். பிறகு வட இந்தியா முழுக்கச் சுற்றினார்கள். அந்தப் பயணத்தில் வரைந்தவற்றை லாட்டரி முறையில் விற்றுப் பணம் சேர்த்து, 1792இல் சென்னைக்கு வந்தார்கள்.

1792 ஏப்ரலில் சென்னையிலிருந்து கிளம்பி பாராமகாலுக்குள் நுழைந்தார்கள். உடன்படிக்கை ஆகி ஒரு மாதம்கூட ஓடியிருக்காது. கம்பெனிப் படை போன தடத்திலேயே பல்லக்கு, குதிரை, சுமை தூக்கும் ஆட்கள் என்று ஒரு பெரிய கூட்டத்தோடு போனார்கள். பெங்களூர் வரை போய்த் திரும்பி, பிறகு தெற்கே மதுரை, பாபநாசம், கன்னியாகுமரி வரை ஒரு பெரிய சுற்று. 1794இல் ஊர் திரும்பினார்கள்.

அதன் பிறகு 1795 முதல் 1808 வரை 'ஓரியண்டல் சீனரி' என்ற பெயரில் ஆறு வரிசைகளாக, மொத்தம் 144 படங்களை வெளியிட்டார்கள். அவற்றில் ராயக்கோட்டை, வீரபத்திரதுர்க்கம், ஜகதேவி ஆகிய பாராமகால் மலைக்கோட்டைகளும் உண்டு. தலைப்பிலேயே 'பாராமகால்' என்ற சொல் இருக்கிறது.

ஒரு படத்துக்குள் எத்தனை அடுக்கு?

அந்தப் படங்கள் 'ஆக்வாடின்ட்' என்ற முறையில் அச்சானவை. கேமரா இல்லாத காலத்தில் ஒரு மலை எப்படி அச்சுப் படமானது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் அடுக்கு, இடத்திலேயே போடும் பென்சில் கோடு. இதற்கு 'கேமரா அப்ஸ்கியூரா' என்ற கருவியைப் பயன்படுத்தினார்கள். இருட்டான பெட்டி, ஒரு பக்கம் லென்ஸ். வெளியே இருக்கும் காட்சி உள்ளே இருக்கும் காகிதத்தில் விழும். அதன் மேல் பென்சிலை ஓட்டினால் அளவு தப்பாது.

இரண்டாவது அடுக்கு, அந்தக் கோட்டின் மேல் நீர்வண்ணப் பூச்சு. எங்கே வெளிச்சம், எங்கே நிழல் என்பதைக் குறித்துக்கொள்வதற்காக.

மூன்றாவது அடுக்கு லண்டனில். வரைந்ததைச் செப்புத் தகட்டுக்கு மாற்றி, வெளிக்கோடுகளை அமிலத்தால் அரிக்க விடுவார்கள்.

நான்காவதுதான் இந்த முறையின் உயிர். பிசினைத் தூளாக்கித் தகட்டின் மேல் தூவிச் சூடாக்குவார்கள். தூள் உருகிச் சின்னச் சின்னப் புள்ளிகளாக ஒட்டிக்கொள்ளும். அமிலத்தில் போட்டால், புள்ளிகளுக்கு இடையே இருக்கும் செம்பு மட்டும் அரிபடும். வெள்ளையாக இருக்கவேண்டிய இடத்தை முதலிலேயே வார்னிஷ் பூசி மூடிவிடுவார்கள். கொஞ்ச நேரம் அரிக்கவிட்டு, இளநிறமாக இருக்கவேண்டிய இடத்தை மூடுவார்கள். மறுபடி அமிலம், மறுபடி வார்னிஷ். கடைசிவரை மூடாமல் விட்ட இடம் ஆழமாக அரிபட்டு, அச்சில் கருநிழலாக வரும்.

ஐந்தாவது அடுக்கு, மை தடவி ஈரக் காகிதத்தில் அழுத்தி எடுக்கும் அச்சு. ஆறாவது அடுக்கு, அச்சான ஒவ்வொரு காகிதத்தின் மேலும் கையால் பூசும் நீர்வண்ணம்.

அதாவது, பாராமகால் வெயிலில் போட்ட ஒரு பென்சில் கோடு, லண்டன் பட்டறையில் அமிலம், பிசின், மை, வண்ணம் எல்லாம் தாண்டித்தான் 'ராயக்கோட்டை' ஆனது. பாராமகால் படங்கள் வெளிவந்தது 1800களின் தொடக்கத்தில். பார்த்ததற்கும் படத்துக்கும் நடுவே ஏறத்தாழ பத்து வருஷம் இருக்கிறது.

அப்போ அந்தப் படம் உண்மையா, கற்பனையா?

ரெண்டும்தான். கட்டடங்களைத் துல்லியமாக வரைந்தவர்கள் என்று டேனியல்களுக்குப் பெயர் உண்டு. 1990களில் இத்தாலியப் புகைப்படக் கலைஞர் அன்டோனியோ மார்ட்டினெல்லி, டேனியல்கள் நின்ற அதே இடங்களைத் தேடிப் போய்ப் புகைப்படம் எடுத்தார். கட்டடக்கலை வரலாற்றாளர் ஜார்ஜ் மிச்செலுடன் சேர்ந்து அவற்றைப் புத்தகமாகவும் கொண்டுவந்தார். ஓவியத்தையும் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒற்றுமை வியக்க வைக்கும்.

ஆனால் அந்தக் காலத்து இங்கிலாந்தில் 'இயற்கைக் காட்சி என்றால் இப்படித்தான் இருக்கணும்' என்று ஒரு ரசனை இருந்தது. முன்னால் இருண்ட மரம், நடுவில் வெளிச்சம், பின்னால் கம்பீரமான மலை, அளவு காட்ட மூலையில் குட்டியாக நாலு மனிதர்கள். நம் மலைகளும் அந்த அச்சுக்குள் வைத்துத்தான் வார்க்கப்பட்டன. இப்போ போட்டோவுக்கு ஃபில்டர் போடுகிறோமே, கிட்டத்தட்ட அதே மாதிரி.

எந்த அடுக்கு மறைந்திருக்கிறது?

இதுதான் முக்கியமான கேள்வி. மேலே சொன்ன தேதிகளை நினைத்துப் பாருங்கள். 1791இல் ராயக்கோட்டையில் சண்டை. 1792 ஏப்ரலில் ஓவியர்கள் வருகிறார்கள். பல படைகள் அப்போதுதான் கடந்துபோன நிலம் அது. அந்தப் படங்களில் அதெல்லாம் தெரிவதில்லை. அமைதியான மலை, மெல்லிய மேகம், நிதானமாக நடந்துபோகும் ஆட்கள்.

இன்னொரு விஷயம். போருக்கு முன்பு ஓர் ஆங்கில ஓவியர் இந்த மலைகள் முன்னால் நிம்மதியாக உட்கார்ந்து வரைந்திருக்கவே முடியாது. அது மைசூர் அரசின் எல்லை. நிலம் கைமாறியதால்தான் காட்சி கிடைத்தது. அதாவது, அந்த அழகுக்கு அடியில் இருக்கும் முதல் பூச்சே போர்தான்.

டேனியல்கள் மட்டும் இல்லை. கார்ன்வாலிஸ் படையோடு வந்த ஓவியர் ராபர்ட் ஹோம் 1794இல் மைசூர்க் காட்சிகள் புத்தகம் வெளியிட்டார். அதே ஆண்டு அலெக்சாண்டர் ஆலன் என்ற ராணுவ அதிகாரியின் படங்களும் வந்தன. பீரங்கிப் படை அதிகாரி ஜேம்ஸ் ஹன்டர் 1792இல் இறந்துவிட்டார். அவர் வரைந்தவற்றை வைத்து வேறு ஆட்கள் தகடு செதுக்கி 1804–05இல் வெளியிட்டார்கள். பார்த்தவர் ஒருவர், செதுக்கியவர் இன்னொருவர், வண்ணம் பூசியவர் மூன்றாமவர்.

இப்படிப் பலருடைய படங்களை ஒரே இடத்தில் வைத்த கண்காட்சியும் அண்மையில் நடந்தது. 2022இல் டெல்லியில் டிஏஜி கலைக்கூடம் 'திப்பு சுல்தான்: இமேஜ் அண்ட் டிஸ்டன்ஸ்' என்ற தலைப்பில், மைசூர்ப் போர்களை ஆங்கிலேயர்கள் எப்படிப் படமாக்கினார்கள் என்று காட்டியது. தொகுத்தவர் கலை வரலாற்றாளர் ஜைல்ஸ் டில்லட்சன். தலைப்பில் 'தூரம்' என்ற சொல் இருப்பதைக் கவனியுங்கள். பார்த்த இடத்துக்கும் வரைந்த இடத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதுதான் அங்கே கேள்வி.

படம் அதோடும் நின்றுவிடவில்லை. இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷர் பீங்கான் தட்டுகளில் டேனியல் காட்சிகள் நீல நிறத்தில் அச்சாயின. பிரான்ஸில் சுவரில் ஒட்டும் காகிதத்திலும் வந்தன. இந்தியாவை ஒருநாளும் பார்க்காதவர்கள் அந்தத் தட்டில் சாப்பிட்டுக்கொண்டே 'இந்தியா இப்படித்தான்' என்று முடிவு செய்துகொண்டார்கள்.

பல்லக்கு தூக்கியவர்கள் பெயர் என்ன?

படத்தின் கீழே தாமஸ், வில்லியம் பெயர்கள் இருக்கின்றன. வெளியான தேதி இருக்கிறது. ஏப்ரல், மே வெயிலில் பல்லக்கைத் தோளில் சுமந்தவர்கள், கூடாரம் அடித்தவர்கள், 'அந்தக் குன்றுக்குப் பேரு இது சாமி' என்று வழி காட்டியவர்கள் பெயர் எதுவும் படத்தில் இல்லை. அவர்கள் அளவு காட்டும் குட்டி உருவங்களாக மூலையில் நிற்கிறார்கள்.

அப்படியானால் நம் மண்ணில் நினைவைப் பதியும் வழக்கமே இல்லையா? இருந்தது. அதுவும் அடுக்கடுக்காகத்தான் இருந்தது.

தருமபுரி நடுகற்களுக்குப் பேர்போன மாவட்டம். தருமபுரி நகரில் தமிழ்நாடு தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில் அவற்றை நேரில் பார்க்கலாம். ஆநிரை மீட்கும் சண்டையிலோ ஊரைக் காக்கும் சண்டையிலோ இறந்த வீரனுக்கு ஊர் மக்கள் நட்ட கல் அது. பல்லவர் காலக் கற்களில் வட்டெழுத்து இருக்கும். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, வீரன் யார், எதற்காகச் செத்தான் என்று சொல்லும்.

பிற்காலக் கற்கள் சிலவற்றில் சிற்பமே அடுக்காக இருக்கும். கீழ் அடுக்கில் சண்டை. நடு அடுக்கில் தேவமகளிர் வீரனை மேலே அழைத்துப்போகிறார்கள். மேல் அடுக்கில் அவன் மேலுலகத்தில் இருக்கிறான். இந்தப் படத்தைக் கீழிருந்து மேலாகப் படிக்கணும்.

ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லண்டன் அச்சில் மலை பெரிது, மனிதன் பொடி உருவம், பெயர் கிடையாது. நடுகல்லில் மலையே கிடையாது. மனிதன்தான் பெரிது, பெயரும் உண்டு. வழியில் பார்த்துவிட்டுப் போகிறவர் நினைவுக்கும் ஊரிலேயே இருக்கிறவர் நினைவுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஒன்று பொய், ஒன்று நிஜம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

நாம் இதை எங்கே பார்க்கலாம்?

டேனியல்களின் படைப்புகள் பெரிய அளவில் கொல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபத்தில் இருக்கின்றன. லண்டன் பிரிட்டிஷ் நூலகம் போன்ற இடங்களிலும் உண்டு. டிக்கெட் எடுத்து அங்கெல்லாம் போகவேண்டியதில்லை. பல நூலகங்களும் அருங்காட்சியகங்களும் இந்தப் படங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. 'டேனியல், ராயக்கோட்டை' என்று ஆங்கிலத்தில் தேடும்போது பழைய எழுத்துமுறையை நினைவில் வையுங்கள். அவர்கள் 'ரையகோட்டா' என்கிற மாதிரிதான் எழுதினார்கள்.

ராயக்கோட்டைக் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. போனில் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு மலை முன்னால் நின்று பாருங்கள். எங்கே உட்கார்ந்து வரைந்திருப்பார், எதைப் பெரிதாக்கியிருக்கிறார், எதை விட்டிருக்கிறார் என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். மதில் சுவரிலும் பாறையிலும் பெயரை எழுதி, ஹார்ட்டின் போடுவதும் ஒரு 'அடுக்கு'தான். ஆனால் அது அடியில் இருப்பதை அழிக்கும் அடுக்கு. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டுவரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

பள்ளியில், வீட்டில் செய்து பார்க்க முடியுமா?

தாராளமா. அமிலமும் செப்புத் தகடும் தேவையில்லை.

ஒரு தடித்த அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். போன இடத்தின் பஸ் டிக்கெட், ரசீது, காய்ந்த இலை எதுவானாலும் முதலில் ஒட்டுங்கள். அதன் மேல், போட்டோவைப் பார்க்காமல், நினைவில் இருக்கிற மாதிரி அந்த இடத்தை நீர்வண்ணத்தில் மெல்லிசாக வரையுங்கள். காய்ந்த பிறகு போட்டோவை எடுத்துப் பாருங்கள். எது மாறியிருக்கிறதோ அதை வேறு நிறத்தில் கோடாகப் போடுங்கள். கடைசியாக, அந்தப் பயணத்தில் உங்களுக்கு உதவிய ஒருவரை அந்தப் படத்தில் சேருங்கள். பரிசல் ஓட்டியவர், டீ கொடுத்த அக்கா, வழி சொன்ன தாத்தா, யாராக இருந்தாலும் சரி. பெயரைக் கேட்டு வைத்திருந்தால், அவருக்குச் சம்மதம் என்றால், பெயரையும் எழுதுங்கள்.

ஒரே இடத்துக்குப் போய்வந்த பத்து மாணவர்கள் இப்படிச் செய்து ஒரே சுவரில் மாட்டினால் அதுவே ஒரு குழுக் கண்காட்சி. பத்துப் படத்திலும் ஒரே ஒகேனக்கல் இருக்காது. எதில் எது விடுபட்டது என்று பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கேட்க ஆரம்பித்தாலே, அடுக்கு ஓவியத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

அடுத்த முறை ஏதாவது கண்காட்சியில் புரியாத மாதிரி ஒரு அடுக்கு ஓவியம் தொங்கினால் மூன்று கேள்வி கேளுங்கள். அடியில் என்ன இருக்கிறது? மேலே போட்டது யார்? யாருடைய பெயர் விட்டுப்போச்சு? 1792இல் ராயக்கோட்டை மலையடிவாரத்தில் பல்லக்கை இறக்கி வைத்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, துரை வரைவதை வேடிக்கை பார்த்திருப்பாரே ஒருவர், அவர் கண்ணுக்கு அந்த மலை எப்படித் தெரிந்தது என்பதை யாரும் வரையவில்லை. அந்த அடுக்கு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.